அஞ்சாம் வசனம்

சென்ற மாதம் எங்கள் சபையின் மூத்தோர் ஐக்கியச் செயலாளர் போன் செய்தார். "ஐயா, அடுத்த கூட்டத்துக்கு ரோமர் பதிமூணாம் அதிகாரம் எடுத்திருக்கோம். அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கிறதைப் பத்தின பகுதி. முப்பத்திமூணு வருஷம் கவர்மென்ட்ல இருந்தவங்க நீங்க. நீங்க பேசினா பொருத்தமா இருக்கும்" என்றார்.

முட்டுவலி, நிற்க முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முட்டுவலி இருப்பது உண்மைதான். ஆனால் அதே வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்காக முக்கால் மணி நேரம் நின்றவனும் நான்தான். பேச மறுத்ததற்குக் காரணம் முட்டு இல்லை. அந்த அதிகாரத்துக்கும் எனக்கும் இடையில் 2003 ஜூலை மாதம் முதல் ஒரு பழைய கணக்கு தீராமல் கிடக்கிறது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

இதை வாசிக்கிற எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதால் முதலில் அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. ஆளுகிறவர்களுக்கு ஒவ்வொருவரும் அடங்கியிருக்க வேண்டும், கடவுள் அனுமதியில்லாமல் எந்த அதிகாரமும் இல்லை, அதை எதிர்க்கிறவன் கடவுள் ஏற்படுத்திய ஒழுங்கை எதிர்க்கிறான், வரி செலுத்துங்கள், மரியாதை கொடுங்கள் என்று போகிறது அதன் சாரம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். எங்கள் தாத்தா காலத்தில் ஆராதனையில் இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஜனாதிபதிக்காகவும் பிரதமருக்காகவும் ஜெபித்தார்கள். ஆட்கள் மாறினார்கள், ஜெபம் மாறவில்லை.

2003-ல் எனக்கு வயது 50. ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். என் மேசைக்கு எதிர் மேசையில் இருந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், வேலையிலும் எனக்குச் சீனியர். நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வந்த உறவு. அலுவலகத்தில் எதிர் எதிர் மேசை, கோயிலில் அடுத்தடுத்த இருக்கை. வாரத்தில் ஏழு நாளும் முகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

அந்த வருஷம் அரசு ஊழியர்களிடம் பெரிய கொந்தளிப்பு. ஓய்வூதியப் பலன்களும் வேறு சில சலுகைகளும் குறைக்கப்பட்டிருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே கிடையாது, 1.4.2003 முதல் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றும் ஆகிவிட்டது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஜூலை 2 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே தலைவர்கள் பலர் கைது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாயும் என்ற பேச்சு எல்லா அலுவலகங்களிலும் ஓடியது.

ஜூலை 1-ம் தேதி ராத்திரி அண்ணாச்சி தன்னுடைய டி.வி.எஸ். 50-ல் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தோம். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன தம்பி, நாளைக்கு என்ன செய்யப்போற?"

"வேலைக்குத்தான் போகப்போறேன் அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. நானாகவே பேச ஆரம்பித்தேன். "நாம விசுவாசிகள். ரோமர் பதிமூணு என்ன சொல்லுது? அதிகாரத்தை எதிர்த்து நிக்கக் கூடாதுல்லா? நடத்தை விதி இருபத்திரெண்டுலயும் வேலைநிறுத்தம் கூடாதுன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது" என்றேன். சொல்லும்போதே எனக்குத் திருப்தியாக இருந்தது. வேதமும் விதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அண்ணாச்சி காப்பியைக் குடித்து முடித்தார். "நீ சொல்லுதது தப்புன்னு நான் சொல்லல தம்பி. நான் போகலைன்னு முடிவெடுத்திட்டேன். நீ போறதும் உன் முடிவு. ஆனா பதிமூணாம் அதிகாரத்தை எடுத்தா ரெண்டாம் வசனத்தோட நிறுத்தாத. அஞ்சாம் வசனம் வரைக்கும் வாசி" என்றார். வண்டியை உதைத்து எடுத்துப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வேதாகமத்தை எடுத்து வாசித்தேன். அஞ்சாம் வசனம் சிறியது. தண்டனைக்குப் பயந்து மட்டும் அடங்கியிருந்தால் போதாது, மனச்சாட்சிக்காகவும் அடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

வாசித்தேன். புரியவும் செய்தது. மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மகளுக்கு அந்த வருஷம்தான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டுக் கடனுக்குச் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்ற கணக்குத்தான் விடியும் வரை மனதில் ஓடியது. கடவுளுக்குப் பிரியமானது எது என்ற கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் எழுந்து, குளித்து, ஜெபம் பண்ணி, அலுவலகம் போனேன்.

பெரிய ஹாலில் 4 பேர் இருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேலே அண்ணாச்சியின் பெயருக்கு நேரே காலியாகக் கிடந்த கட்டம் கண்ணில் பட்டது. மனு கொடுக்க வந்த ஒரு வயதான அம்மா எல்லா மேசைகளையும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு லீவா சார்?" என்று கேட்டது. என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 4-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் விசாரணை ஏதும் இல்லாமல் பணிநீக்கம். தமிழ்நாடு முழுவதும் சுமார் 1,70,000 பேர். இத்தனை பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியதை அதற்கு முன்பு நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எங்கள் அலுவலகத்துக்கும் பட்டியல் வந்தது. ஆள் இல்லாததால் எல்லா வேலையும் எங்கள் நான்கு பேர் தலையில். டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் என்னிடம் இருந்தது. பெயர்களை ஒவ்வொன்றாகப் பதிந்து எண் போட வேண்டும். 20 வருஷத்துக்கு மேல் என் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் பெயரை என் கையெழுத்தில் எழுதி எண் போட்டேன். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது. என் கையெழுத்தை அதிகாரிகள் எப்போதும் மெச்சுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அண்ணாச்சி என் பக்கத்தில் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஐயர் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். அடுத்து வேலை இழந்த குடும்பங்களுக்காகவும் ஜெபித்தார். எங்கள் சபையில் மட்டும் ஏழெட்டுக் குடும்பங்கள். ஆளுகிறவர்களுக்கான ஜெபம் முடிந்தபோது அண்ணாச்சி சொன்ன "ஆமென்" எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சொன்ன ஆமென் எனக்கே கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சபை மூப்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் வேதத்தின்படி நின்னீங்க. உங்களை மாதிரி ஆட்கள்தான் சாட்சி" என்றார். என் வாழ்நாளில் என்னைப் புகழ்ந்து பலர் பேசியிருக்கிறார்கள். அன்றைக்குப்போல் ஒரு புகழ்ச்சி என்னைச் சுட்டதில்லை. அப்போதும் நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எல்லாம் அவர் கிருபை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த வார்த்தையும் ஒரு மறைப்புத்தான்.

அந்த மாதம் அண்ணாச்சி வீட்டில் கஷ்டம். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவில் கையில் இருந்தது போயிருக்கும். ஜூலைச் சம்பளம் வருமா என்பதே தெரியாது. என் மனைவி மூலமாக மதினியிடம் 2,000 ரூபாய் கொடுத்தனுப்பினேன். மதினி வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் எதற்கு என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஜூலை கடைசியில் ஒரு வழி பிறந்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்து, இனி நடத்தை விதி 22-ஐ மதித்து நடப்பேன் என்று உறுதிமொழியும் கொடுத்தால் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்வார்கள். 6,072 பேருக்கு மட்டும் அது கிடையாது, அவர்கள் விஷயம் தனியாக விசாரிக்கப்படும் என்றானது. ஆகஸ்ட் 6-ம் தேதி வந்த தீர்ப்பில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டிய நேரத்தில் அண்ணாச்சி மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். அதே திண்ணை.

"தம்பி, ஒரு சந்தேகம். மனசுல வருத்தம் இல்லாம மன்னிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது பொய்தான?"

நான் யோசிக்கவே இல்லை. "என்ன அண்ணாச்சி இது? எல்லாரும் எழுதுதாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. போட்டுக் கொடுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் ஃபார்மாலிட்டியா இருக்கலாம். நான் போடப்போறது என் பேரை" என்றார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேசினார். "ரெண்டு நாளா யோசிச்சுப் பார்த்தேன். கேட்டது நியாயம்னுதான் இன்னைக்கும் நினைக்கேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க முடியாது. ஆனா வேலைக்குச் சேரும்போது விதியை மதிக்கேன்னு சொல்லித்தான் சேர்ந்தேன், அதை மீறினேன். அது உண்மை. விதவைப் பென்ஷனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நம்ம ஆபீசு வாசல்ல வந்து திரும்பிப் போச்சே சனம், அதுங்க என்ன பாவம் செஞ்சுது? அதுக்கு எனக்கு வருத்தம் இருக்கு. இந்த ரெண்டுக்கும் நான் மனசார மன்னிப்புக் கேக்கலாம். அப்ப கையெழுத்துப் போடலாம், இல்லையா?"

"போடலாம் அண்ணாச்சி" என்றேன். என்னிடம் சம்மதம் கேட்க வந்த மாதிரிதான் இருந்தது. உண்மையில் அவர் தன் மனச்சாட்சியை என் முன்னால் வைத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அவர் வேலையில் சேர்ந்தார். பழைய மேசை. முதல் சம்பளம் வந்த அன்று சாயங்காலம் 2,000 ரூபாயைக் கவரில் போட்டு என் மேசை மேல் வைத்தார். வேண்டாம் என்று தள்ளினேன். "எட்டாம் வசனம் தம்பி" என்று சிரித்தார். அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம், ஒருவருக்கொருவர் அன்பு செலுத்துகிற கடனைத் தவிர வேறு எந்தக் கடனும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்கிறது. கவரை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு இதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான் எப்படி நடந்துகொண்டேன் என்று ஒரு குத்தல் பேச்சுக்கூடக் கிடையாது. அவர் ஓய்வுபெற்றார், மூன்று வருஷம் கழித்து 2011-ல் நானும் ஓய்வுபெற்றேன். கோயிலில் அதே இருக்கைகள். போன வருஷம் அவர் இறந்துபோனார்.

அந்தப் பகுதியை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரம்தானே சொத்து. வாசித்ததில் எனக்குத் தெளிவான சில விஷயங்களைச் சொல்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை, தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

முதலாவது, இதை எழுதிய பவுல் யார் என்பது. கி.பி. 57 வாக்கில் இந்தக் கடிதம் எழுதப்பட்டது என்பார்கள். அப்போது ரோமாபுரியில் நீரோ ஆட்சி. பவுல் அதிகாரத்துக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்த ஆள் இல்லை. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது அவர் போகவில்லை. ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது தன் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். செசரியாவில் தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கே அப்பீல் செய்தார். அடங்கியிருங்கள் என்று எழுதிய அதே மனிதர், தன் உரிமையைக் கேட்கவும் கூச்சப்படவில்லை.

இரண்டாவது, ஒரு வார்த்தை. நம் தமிழ் வேதாகமத்தில் கீழ்ப்படிதல் என்று இருப்பதால் சொன்னதைச் செய்வதுதான் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். மூலமொழியான கிரேக்கத்தில் இங்கே வருகிற வார்த்தை ஹூப்போதாஸ்ஸோ. ஒரு ஒழுங்கில் கீழே தன் இடத்தில் நிற்பது என்று பொருள். சொல் கேட்டு நடப்பதற்கு வேறு வார்த்தைகள் உண்டு. பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதர் சொல்வதைவிட கடவுள் சொல்வதைக் கேட்பதே முறை என்று சொன்ன இடத்தில் வருவது வேறு வார்த்தை. அவர்கள் சங்கத்தின் கட்டளையை மீறினார்கள். அதற்குக் கிடைத்த அடியையும் வாங்கிக்கொண்டார்கள். தானியேலும் அப்படித்தான். ஜெபத்தை நிறுத்தவில்லை, சிங்கக் கெபிக்குப் போகாமல் ஓடி ஒளியவும் இல்லை. மீறுவதும் அடங்கியிருப்பதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது எனக்கு இவர்களைப் பார்த்துத்தான் புரிந்தது. விதியை மீறிவிட்டு, ஆளுகிறவர்களுக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆமென் சொன்ன அண்ணாச்சியும் ஞாபகத்துக்கு வந்தார்.

மூன்றாவது, இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதில்லை. ஜே.சி. குமரப்பா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து காந்தியோடு சேர்ந்தார். 1930-ல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது, சட்டத்தை மீறுவது கிறிஸ்தவப் போதனைக்கு ஒத்துவராது என்ற நிலையில் இருந்தார் கல்கத்தாவின் மெட்ரோபாலிட்டன் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட். அதே ஆங்கிலிகன் சபைப் பின்னணியில் வந்த குமரப்பா, பேராயரோடு பகிரங்கமாக வாதாடினார். இயேசுவின் வழியில் நடப்பதாகச் சொல்கிற சபை, அகிம்சை வழியில் அடி வாங்குகிற மக்கள் பக்கம் நிற்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. பலமுறை சிறை சென்றார். இயேசுவின் போதனையைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியதும் சிறையில்தான். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தி இறந்த அதே தேதியில் இறந்தார். அவர் கையில் இருந்ததும் பேராயர் கையில் இருந்ததும் ஒரே வேதாகமம்தான்.

இதைச் சொல்வதால் வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லாரும் தியாகிகள், வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் கோழைகள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு எங்கள் ஹாலில் இருந்த 4 பேரில் ஒருவர், பொதுஜனத்தைத் தவிக்கவிட்டு நம் காரியத்தைச் சாதிப்பது முறையில்லை என்று மனதார நம்பி வந்தவர். சங்கத்துக்காரர்கள் முகத்துக்கு நேரேயே அதைச் சொன்னவர். அவர் அஞ்சாம் வசனத்தின்படி வேலைக்கு வந்தார். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களிலும் ஊரோடு ஒத்துப்போனவர்கள் உண்டு. நான்குபேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து வீட்டில் இருந்தவர்களும் உண்டு. வேலைநிறுத்தம் சரியா தப்பா என்று இன்று கேட்டாலும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வாசலில் நின்ற அந்த வயதான அம்மா இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் வேலைக்குப் போனதும் தப்பில்லை. பயந்ததுகூடத் தப்பில்லை. மகள் படிப்பையும் வீட்டுக் கடனையும் நினைத்துப் பயப்படாத தகப்பன் யார்? "அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு, என்னால முடியல" என்று அன்று திண்ணையில் சொல்லியிருந்தால் அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நான் செய்த தப்பு, பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்தது. என் கோழைத்தனத்தை மறைக்க ஒரு துணி வேண்டியிருந்தது, அதற்கு வேதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். கிழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பவுல் எழுதியபோது அதிகாரம், வசனம் என்ற பிரிவெல்லாம் கிடையாது. பல நூறு வருஷம் கழித்துப் போட்டவை அவை. தீமைக்குத் தீமை செய்யாதே, உன் எதிரி பசியாக இருந்தால் சோறு போடு என்று பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொல்லிக்கொண்டே வந்துதான் ஆளுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். பேசி முடித்ததும் மறுபடியும் அன்புக்கே போகிறார். முன்னும் பின்னும் அன்பு, நடுவில் அரசாங்கம். நடுவில் இருந்த இரண்டு வசனத்தை மட்டும் நான் உருவி எடுத்தேன்.

இப்படி உருவி எடுப்பது என்னைப் போன்ற சின்ன மனிதர்களோடு நின்றால் பரவாயில்லை. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் பல சபைகள் இதே பகுதியைக் காட்டித்தான் வாய்மூடி இருந்தன. அங்கே வாய் திறந்த போன்ஹோபர் என்ற போதகரை 1945 ஏப்ரலில் தூக்கில் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கு முட்டுக்கொடுக்க இந்தப் பகுதியைப் பயன்படுத்துவதைக் கண்டித்து, அந்த நாட்டு இறையியலாளர்கள் 1985-ல் கெய்ரோஸ் ஆவணம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அவர்களுடைய காலத்தையும் என் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரையும் ஒன்றாக வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் அழகான கையெழுத்தில் பதிந்து எண் போட்டுக்கொடுக்க அங்கேயும் என்னைப்போல ஒரு குமாஸ்தா இருந்திருப்பான். அவனும் ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுத்திருப்பான்.

வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளில் பல அடுத்த வருஷமே திரும்பப் பெறப்பட்டன. பறிபோன சலுகைகளில் சிலவும் பிற்பாடு வந்தன. அவர்கள் கேட்டு வாங்கியதில் எனக்கும் பங்கு கிடைத்தது. ஓய்வுபெறும்போது நானும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டுமானால் பழசைப் பேச வேண்டும். பழசைப் பேசினால், அன்று ராத்திரி அஞ்சாம் வசனத்தை வாசித்தேன், புரிந்தது, புரிந்தும் உங்களிடம் வேதம் பேசியதை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். எட்டு வருஷம் எதிர் மேசையிலும், அதற்கு மேலும் பல வருஷம் பக்கத்து இருக்கையிலும் அவர் இருந்தார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். உண்மையில் எதிர் மேசையில் ஐந்து வருஷம்தான். மற்றதெல்லாம் கோயில் இருக்கை. எங்கே இருந்தாலும் எனக்கு நேரம் இருந்தது. நான்தான் சொல்லவில்லை. 2,000 ரூபாய்க் கடனை அவர் தீர்த்துவிட்டார். எட்டாம் வசனத்தின் கடன் என் பக்கம் நிற்கிறது.

நேற்று மூத்தோர் ஐக்கியச் செயலாளருக்கு நானே போன் செய்தேன். "வேற ஆள் கிடைச்சுட்டாங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். அப்படியானால் நானே பேசுகிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம். "முட்டுவலி எப்படி இருக்கு ஐயா? உட்கார்ந்தே பேசுங்க, நாற்காலி போடச் சொல்லுதேன்" என்றார்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம், அஞ்சாம் வசனத்திலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன், அண்ணாச்சி கதையைச் சொல்லப்போகிறேன் என்றேன். மதினியும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள். வரட்டும் என்றேன்.

"சொல்லுறதுன்னா எல்லாத்தையும் சொல்லுங்க. முட்டுவலின்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லிருங்க" என்றாள்.

சொல்லத்தான் போகிறேன். நாற்காலி வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.